பன்னிரண்டாம் புட்டி

ஆலங்கரையில் இந்தக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. மேலத்தெருக்காரர்கள் எப்சிபாய் வாய் மூடிய நாளிலிருந்து தொடங்குவார்கள். கீழத்தெருக்காரர்கள் அவளுடைய மாமனார் தந்தி சாமுவேல் கண் மூடிய நாளிலிருந்து. கீழத்தெருப் பாடமே முழுமையானது. எல்லாம் ஒரே ஒரு தொடரால் விளைந்தது. அந்தத் தொடரை எழுதிவைத்துவிட்டுப் போனவர் சாமுவேல்.

அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் இருந்தவர். ஊராருடைய பிறப்பையும் இறப்பையும் பணிமாற்றத்தையும் நாலு சொல்லில், ஐந்து சொல்லில் முடித்து முடித்து, தம் வீட்டிலும் அதற்குமேல் பேசாதவராக ஆகிப்போனவர். மூத்த மகன் பிறந்த சேதி வந்தபோது "சரி" என்றும், மூன்றாம் மகன் பிறந்தபோது "போதும்" என்றும் சொன்னதாக ஊரார் சொல்வார்கள், நடுமகன் தாவீது பிறந்தபோது என்ன சொன்னார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் கிடாரங்காய் ஊறுகாயில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பின்கட்டு மரத்தில் காய் திரண்டதும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடிப் புட்டிகளை அண்டாவில் அடுக்கி வெந்நீரில் அவிப்பார். கொதிக்கக் கொதிக்க ஊறுகாயை நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி அடைப்பார். அப்படி அடைத்த புட்டியை ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அது நேற்றுப் போட்டது போலிருக்கும். முறையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஒளித்தார் என்று சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீளும் என்று விட்டுவிட்டார்.

நாட்டில் தந்தி நிறுத்தப்பட்ட அதே ஆண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய தகரப் பெட்டியில் பழைய தந்திப் படிவம் ஒன்று கிடைத்தது. அதில், பெட்டி பெட்டியாக அச்சிட்ட கட்டங்களுக்குள் சொல்லுக்கு ஒரு கட்டமாக, இப்படி எழுதியிருந்தது:

"கிடாரங்காய் இருபது. உப்பு அரைப்படி. நறுக்கு. ஜாடி. வாய் கட்டி ஏழு நாள். வெயில் மூன்று. வற்றல் கருப்பட்டி நல்லெண்ணெய் கொதி. புட்டி அவி. மெழுகு. நிற்க."

மூன்று மகன்களின் மனைவியரும் ஒரே வளவுக்குள் மூன்று வீட்டில் குடியிருந்தார்கள். மூவரும் அந்தப் படிவத்தை ஆளுக்கொரு முறை வாங்கிப் படித்தார்கள். மூவருக்கும் சிக்கல் வந்தது "வாய் கட்டி" என்ற இடத்தில். மூத்தவள் தங்கபுஷ்பம், ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்ட வேண்டும் என்று படித்தாள். இளையவள் ஜாய்ஸ், ஊறுகாய் போடுகிறவள் வாயைக் கட்டிப் பட்டினி கிடக்க வேண்டும், இது ஒரு உபவாசம் என்று படித்தாள். நடுவிலவள் எப்சிபாய், பேசாமலிருக்க வேண்டும் என்று படித்தாள்.

"ஜாடிய மூடுதது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மாமா மை செலவழிப்பாகளா?" என்றாள் எப்சிபாய். "அந்த ருசி எங்கன இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிய? மனுசன் பேசல. அதான்."

"அவுக எப்பவுமே பேசலையேளா," என்றாள் தங்கபுஷ்பம். "நீ ஏழு நாளு பேசாம இருப்பியா? ஏழு நிமிசம் இருந்து காட்டு, நான் ஒனக்கு ஜாடி கழுவித் தாரேன்."

இதில் நியாயம் இருந்தது. எப்சிபாய் ஆலங்கரையின் பேச்சு முழுவதிலும் பாதியைத் தானே பேசிக்கொண்டிருந்தவள். பேருந்து நிறுத்தத்தில் அவள் இருந்தால் பேருந்து தாமதமானது யாருக்கும் தெரியாது. கடைசிச் சொல்லில் மட்டும் மூவருக்கும் வேறுபாடு எழவில்லை: தந்தியில் முற்றுப்புள்ளிக்கு எழுதும் சொல் அது என்று தெரியாமல், "நிற்க" என்றிருந்தபடியால், ஊறுகாய் வேலை முடியும்வரை மூவரும் உட்காரவே இல்லை.

அவ்வாறாக ஒரே மரத்துக் காய், ஆளுக்கு இருபதாக, மூன்று ஜாடிகளில் விழுந்தது. தங்கபுஷ்பத்தின் ஜாடி துணி கட்டிக்கொண்டு நின்றது. ஜாய்ஸ் தண்ணீரும் எலுமிச்சையுமாகக் கிடந்தாள். எப்சிபாய் முதல் நாள் காலை ஆறு மணிக்கு உதட்டை மூடினாள். வளவில் திடீரென்று கிளிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. அது அத்தனை வருடமும் அங்கேதான் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தார்கள். துண்டைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போன கணவனைப் பார்த்து அவளுக்குள் ஒரு வாக்கியம் எழுந்தது, தொண்டைவரை வந்தது, திரும்ப இறங்கியது. இறங்கிய வாக்கியம் எங்கே போயிற்று என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மாலை மூத்தவர் ஜெயபால் எல்லாரையும் பின்கட்டுக்கு அழைத்தார். அவர் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட அதற்கு ஒரு தேதியும் நேரமும் குறிப்பவர். தகப்பனார் இறந்த மறுவாரம், வளவில் எதை மாற்றுவதானாலும் ஆறு பேரில் யார் ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்கக் கூடாது, இருந்தால் அதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தை எழுதி எல்லாரிடமும் கையொப்பம் வாங்கியிருந்தவரும் அவரே.

"நான் கார் வாங்கப் போறேன்," என்றார். "கார் நிக்க எடம் வேணும். இந்தக் கிடாரங்காய் மரத்த எடுத்துட்டா சரியா இருக்கும். ஸ்தோத்திரப் பண்டிகை முடிஞ்ச மறு சனிக்கிழமை ஆள் வருவான். யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டுமா?"

தங்கபுஷ்பம் கணவனைப் பார்த்து, பிறகு மரத்தைப் பார்த்து, "இல்ல," என்றாள். ஜாய்ஸ், "என்னத்தையும் பண்ணுங்க அத்தான், எனக்கு கண்ண இருட்டிட்டு வருது," என்றாள். ஆண்கள் இருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, காரின் நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள். எப்சிபாய்க்கு ஒரு சொல் வாய்வரை வந்து திரும்ப இறங்கியது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எவ்வளவு பேசினாலும் சலிக்காமல் கேட்டு நின்றது அந்த ஒரு மரந்தான். வாயைத் திறந்தால் இருபது காயும் கெடும். இன்னும் மூன்று நாள்தானே, எட்டாம் நாள் சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தாள். சொல்லை நாலு நாள் எடுத்துவைக்கலாம் என்று எண்ணியதே அவள் செய்த பிழை. தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஆலங்கரையில் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் சரி என்றே பொருள்.

"ஆட்சேபம் இல்ல. பதிவாயிட்டு," என்றார் ஜெயபால்.

ஏழு நாள் ஊறி, மூன்று நாள் வெயிலில் காய்ந்து, ஊறுகாய் கொதித்து இறங்கியது. எப்சிபாய் உருளியிலிருந்து கரண்டியால் அள்ளி அள்ளிப் பன்னிரண்டு புட்டிகளை நிரப்பினாள். பன்னிரண்டாவதற்கு அடியில் தங்கிய கெட்டியான கரிய வண்டல்தான் மிஞ்சியது. அதையும் வழித்துப் போட்டு மெழுகு வைத்தாள். தங்கபுஷ்பத்தின் ஊறுகாய் எல்லா ஊறுகாயையும் போல் இருந்தது. ஜாய்ஸ் பட்டினியில் ருசி பார்க்காததால் அவளுடையது உப்புக் கரித்தது. எப்சிபாயின் முதல் புட்டியைத் தாவீது தயிர்ச்சோற்றுக்கு முன் உட்கார்ந்து திறந்தார். புட்டிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல், "அந்த ஈரத் துண்ட எடுத்துக் கொடியில போடுங்க, ஒங்களுக்கு எத்தன தடவ சொல்லுததுன்னு ஒரு கணக்கு இல்லையா," என்றது. தாவீது எழுந்து போய்த் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, புட்டியில் இன்னும் ஏதாவது உண்டா என்று காது வைத்துக் கேட்டு, இல்லை என்று ஆனபின் சாப்பிட்டார். ருசி அப்படியே அவர் அப்பாவுடையது.

எப்சிபாய் அப்பாடா என்றாள். மூன்று நாளாக அவளுக்குத் துண்டு என்ற சொல் வாயில் வராமல், "அந்தத் தல தொவட்டுதது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது வந்துவிட்டது.

சேதி பரவியதும் ஆலங்கரை செய்த முதல் காரியம், புட்டி கேட்டு வரிசையில் நின்றது. அவள் பத்துப் புட்டிகளைக் கொடுத்தாள். தபால் நிலையத்து ராஜகனியின் புட்டி, "ஒங்க ஜாக்கெட்ல கடைசிக் கொக்கி மாட்டல," என்றது. அது மூன்று வாரத்துக்கு முந்தைய கொக்கி என்றாலும் ராஜகனி முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சேகரத்துப் போதகரின் புட்டி, "பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு தடவ முடியுது," என்றது. மறு ஞாயிறு அது ஒரே தடவையில் முடிந்தது, சபையார் பிரசங்கத்துக்கும் ஊறுகாய்க்குமாகச் சேர்த்து நன்றி சொன்னார்கள். புட்டி பேசுவது முறையா என்று சபைக் கமிட்டி கூடி ஆராய்ந்தது. எண்ணெய் மேலே நிற்கிறது, பூஞ்சை இல்லை, பேசுவதும் உரியவளுடைய சொந்தக் குரல், ஆகையால் குற்றமில்லை என்று முடிவெடுத்துக் கலைந்தது. அதன்பின் ஊரில் சில நடைமுறைகள் தாமாக ஏற்பட்டன: விருந்தாளி இருக்கும்போது புதுப் புட்டி திறப்பதில்லை, சொல் முழுவதும் வந்து முடியும்வரை கரண்டி விடுவதில்லை, உள்ளேயிருந்து வந்த வசவுக்கு நேரில் போய்ச் சண்டை பிடிப்பதில்லை, அது ஊறிப் பழுத்துவிட்டதாகக் கருதப்படும். ஒவ்வொரு புட்டி திறந்தபோதும் ஒரு சொல் எப்சிபாயிடம் திரும்பியது. கொக்கி திரும்பியது. பிரசங்கம் திரும்பியது.

ஒரு சொல் மட்டும் திரும்பவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவள் மீன்காரி அந்தோணியம்மாள். "சாளை நல்லா இருக்கு, ரெண்டு கூறு போடட்டுமா?" என்று கேட்டாள், எப்சிபாய் வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், அந்தோணியம்மாள் இரண்டு கூறு போட்டாள். மறுநாள் நான்கு கூறு போட்டாள். பாத்திரக்காரன் ஆறு தூக்குச்சட்டி இறக்கினான். பக்கத்து வீட்டுக்காரி பூனைக்குட்டியைக் கொண்டுவந்து விட்டாள், பிறகு அதன் உடன்பிறப்புகளையும் விட்டாள். பெண்கள் சங்கச் செயலாளர், பாடகர் குழுப் பொருளாளர், கிறிஸ்துமஸ் குடில் அமைப்பாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒரே மாலையில் அவளிடம் வந்து சேர்ந்தன. பந்தியில் அவள் இலையில் பாயசம் ஓடியது. எழுதிக் காட்டலாமென்று பேனா எடுத்தாள். "வே" என்று எழுதியதும் கை நின்றது. கூடாது, மாட்டேன் என்ற சொற்களையும் தேடினாள், அவையும் இல்லை. கனமான சொற்கள் எல்லாம் உருளியின் அடியில் தங்கி, வண்டலோடு சேர்ந்து கடைசிப் புட்டிக்குள் போய்விட்டன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எட்டாம் நாள் அத்தானிடம் சொல்லப் போய்ச் சொல் வராமல் திரும்பியதன் காரணமும் விளங்கியது.

அந்தப் பன்னிரண்டாம் புட்டியை, பார்க்க அழகாயில்லையே என்று, அவள் சபையில் காணிக்கைப் பொருள்களை விற்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்திருந்தாள். பண்டிகையும் முந்தின ஞாயிறு முடிந்துவிட்டது. வாழைத்தாருக்கும் சேவலுக்கும் நடுவே அது ஏலத்துக்கு வந்தபோது, சாமுவேல் வீட்டு ஊறுகாய் வெளியார் கைக்குப் போவதா என்று ஜெயபாலே எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் தங்கபுஷ்பம் தன் அடுக்களைக்குள் விடவில்லை.

"என் ஊறுகாய் இருக்கும்போது அவ ஊறுகாய ஏலத்துல எடுத்துட்டு வந்திருக்காவ. ஊர்ல என்ன பேசுவாவ?"

அதனால் புட்டி அவருடைய பீரோவில், பழைய வழக்குக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றது. எப்சிபாய் கேட்டபோது, ஏலத்தில் போன பொருளைத் திருப்பிக் கேட்க விதியில்லை என்றார்.

ஊராருக்குச் சீக்கிரமே வெட்கம் வந்தது. முதலில் மனம் மாறியவளும் அந்தோணியம்மாள்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எப்சியக்கா, இன்னைக்கு ஒனக்கு மீன் போதுந்தானே?" என்று கேட்டாள். "போதும்!" என்று எப்சிபாய் சொன்ன சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. அதிலிருந்து ஆலங்கரை முழுவதும் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கப் பழகியது. பரிமாறுகிறவர்கள் "நிறுத்திக்கிடவா?" என்றார்கள். போதகர், "இந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லாமலே இருக்கட்டுமா?" என்றார். இந்த வழக்கம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போயிற்று; இன்றும் அந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் "போதுமா?" என்பது முதலாகவும் "வேணுமா?" என்பது பின்னாகவும் கேட்கப்படும். இதற்கு வேறு காரணம் சொல்வோரும் உண்டு. அவர்கள் ஆலங்கரையைப் பார்க்காதவர்கள்.

கேள்வியைத் திருப்பிப் போடாதவர் ஜெயபால் ஒருவரே. எப்சிபாய் வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அத்தான், மரம் நிக்கட்டும்."

"நிக்கட்டும். நாளைக்கு வரைக்கும் நிக்கட்டும்."

"அப்படி இல்ல அத்தான். எப்பவும் நிக்கட்டும்."

ஜெயபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கொடியவர் அல்லர். சொல்லை அளந்து வாழ்ந்த தகப்பனுக்குப் பிறந்து, சொல்லைப் பதிவு செய்தே வயதானவர். "இங்க பாரு எப்சி. நிக்கட்டும்ங்கிறது விருப்பம். விருப்பத்த நான் கேக்கல. ஆட்சேபம் இருக்குன்னா வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்லு. நான் இப்பவே ஆள நிறுத்துதேன். சொல்லு."

எப்சிபாய் அரைமணி நேரம் பேசினாள். அந்த மரத்தின் நிழலைப் பற்றி, முள்ளைப் பற்றி, மழை நாளில் அதன் இலையைக் கசக்கினால் வரும் மணத்தைப் பற்றி, முதல் பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் அதனடியில் உட்கார்ந்து தான் அழுததைப் பற்றி, அவள் வாழ்நாளிலேயே பேசாத அளவு பேசினாள். ஜெயபால் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். உள்ளே தங்கபுஷ்பம் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.

"நீ சொன்னதுல அந்தச் சொல்லு இல்லையேம்மா," என்றார் கடைசியில், கொஞ்சம் வருத்தமாகவே. தாவீது குறுக்கே வந்து, "அண்ணாச்சி, அவளுக்குப் பதிலா நான் சொல்லுதேன், வேண்டாம்," என்றார். "நீ போன மாசமே இல்லன்னு சொல்லியாச்சு. கார் என்ன கலர்னு கேட்டதும் நீதான்," என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலை மரம் வெட்டுகிற பலவேசம் வந்தான். கோடரியை வேரில் சாத்தினான், கயிற்றை உதறினான், மரத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்த்தான். வெறும் வயிற்றில் மரத்தைத் தொடுவதில்லை என்று சொல்லித் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியோடு உட்கார்ந்தான். வளவில் எல்லாரும் வந்து நின்றார்கள். தெருவும் வந்து நின்றது. எப்சிபாய் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

"தொட்டுக்கிட ஏதும் உண்டுமா அம்மா?" என்று பலவேசம் பொதுவாகக் கேட்டான்.

தங்கபுஷ்பம் விடுவிடென்று உள்ளே போனாள். பீரோக் கதவு கிறீச்சென்றது. காகிதக் கட்டு ஒன்று கீழே விழுந்தது. வெளியே வந்தபோது அவள் கையில் கரிய புட்டி இருந்தது.

"ஏ, அது எதுக்கு? ஒன் ஊறுகாய் இல்லையா?" என்றார் ஜெயபால்.

"என்னுது தீந்துட்டு," என்றாள் தங்கபுஷ்பம். அவளுடைய ஒன்பது புட்டிகள் சன்னல் வழியே எல்லாருக்கும் தெரிந்துகொண்டிருந்தன. "மனுசன் வெறுங்கஞ்சியா குடிப்பான்?"

அவள் தன் வாயால் முன்பே இல்லை என்று சொல்லிவிட்டவள். அதைத் திரும்ப எடுக்க ஒப்பந்தத்தில் வழியில்லை. புட்டியைப் பலவேசத்தின் முன் வைத்தாள். அவன் அரிவாள் முனையால் மெழுகைக் கீறினான். மூடியைத் திருகினான்.

"வேண்டாம்" என்றது புட்டி. சொல் மரத்தின் உயரத்துக்கு எழுந்தது, கிளிகள் எழுந்தன. பின்பு ஏழு நாட்களின் வேண்டாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: இரண்டாம் காப்பிக்கு, பழைய பேப்பர்காரனுக்கு, சீட்டுச் சேரச் சொன்னவளுக்கு, கணவன் வாங்க நினைத்த ஆரஞ்சுச் சட்டைக்கு, சின்னதும் பெரியதுமாய், சலிப்பாயும் சிரிப்பாயும். கூடாதும் மாட்டேனும் இடையிடையே வந்தன. கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த குரலில், "வேண்டாம் அத்தான், இத வெட்ட வேண்டாம்," என்றது.

பலவேசம் கஞ்சியைக் கீழே வைத்தான். "ஐயா, அம்மா வேண்டாங்காவளே."

"புட்டி சொன்னது சாட்சியமாகாது," என்றார் ஜெயபால். குரல் முன்போல் திடமாக இல்லை. "அவரவர் வாயால சொல்லணும். அதான் எழுத்து."

எல்லாரும் பின்வாசலைப் பார்த்தார்கள். மேலத்தெருக்காரர்கள் இந்த இடத்தில் எப்சிபாய் ஒரு நீண்ட உரை ஆற்றியதாகச் சொல்வார்கள். அது அவர்கள் அவளை அறிந்திருந்த பழக்கத்தால் வந்த பிற்சேர்க்கை. அருகில் நின்ற ஜாய்ஸும் பலவேசமும் தனித்தனியே சொன்னது ஒன்றுதான். எப்சிபாய் படி இறங்கி வந்தாள். மரத்துக்கும் கோடரிக்கும் நடுவில் நின்றாள். நாக்கைப் பல்லில் வைத்துப் பார்த்தாள், சொல் இருக்கிறதா என்று.

"வேண்டாம்," என்றாள்.

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆட்சேபம், காலை எட்டு பன்னிரண்டு," என்றார். "பதிவாயிட்டு."

"கொப்ப மட்டுமாவது கழிச்சு விடவா?" என்று கேட்டான் பலவேசம், வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாமே என்று.

"வேண்டாம்," என்றாள் எப்சிபாய். அது அவ்வளவு இனித்தது. அன்று பொழுது சாயும்வரை காப்பிக்கும் பழத்துக்கும் யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, பசியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார் மறுவாரம் வந்தது. நிற்க வேறு இடமில்லாமல் மரத்தடியிலேயே நிற்கிறது. காய் காய்க்கும் மாதங்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவு கண் அயரும் நேரத்தில், மேற்கூரையில் டொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். ஜெயபால் எழுந்து வருவார். புதிய பள்ளத்தை விரலால் ஒருமுறை தடவுவார். காயைப் பொறுக்கி வேட்டியில் துடைப்பார். தம்பி வீட்டுப் பின்வாசலுக்குப் போய், "எப்சி, இன்னைக்கு மூணு விழுந்திருக்கு," என்று சொல்லி, மூன்றையும் நிலைப்படியில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்புவார்.